அந்த ரவுண்டு யாரோடது

இந்தப் பையக் கொஞ்சம் காலுக்கடியில தள்ளிக்கறனுங்க, உங்க முட்டியில இடிக்குது பாருங்க. ஒண்ணுமில்ல, காலித் தாம்பாளமும் மீந்த பத்திரிகையும்தான். காங்கேயத்துல ஒரு வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். என்ற புள்ளைக்குக் கல்யாணம், வர்ற ஆவணியில. நீங்க எங்க, சிங்காநல்லூரா? நானும் அங்கதான் எறங்கறது. அப்பப் பேசிட்டே போலாம். வேண்டாம்னாச் சொல்லிருங்க தம்பி, வாய மூடிக்கறேன்.

கல்யாணத்துக்குக் கூப்புட்டுட்டு வர்றவன் மூஞ்சி இப்படியா இருக்கும்னு பாக்கறீங்க. தெரியுது. எனக்கே தெரியுது.

தெய்வசிகாமணின்னு ஒருத்தன். அவனைக் கூப்புடத்தான் போனேன். ஒறம்பரை கிடையாதுங்க, சிநேகிதன். பீளமேட்டுல ஒரே ஆபீஸ்ல பக்கத்துப் பக்கத்து சீட்டு எங்களுக்கு. கட்டடத்துக்குக் கம்பிப் படம் வரையற ஆபீஸ். எந்தத் தூணுக்கு எத்தனை கம்பி, எவ்வளவு நீளத்துல வெட்டணும், எங்க வளைக்கணும், அதெல்லாம் நாங்க வரைஞ்சு பட்டியல் போட்டுக் குடுக்கறதுதான். சைட்டுல அதைப் பாத்துத்தான் வெட்டுவாங்க.

என்ற சம்சாரத்துக்குக் கூடப்பொறந்தவன் இல்லீங்க. என்ற புள்ள கோகிலாவுக்குக் காது குத்தறப்ப யாரு மடியில உக்காத்தி வெக்கறதுன்னு ரோசனை பண்ணிட்டிருந்தோம். "நான் உக்காந்துக்கறேன்டா"ன்னு இவனா வந்தான். புது வேட்டி கட்டிட்டு, அவன் சம்சாரம் பேபி கையில சீர்த்தட்டக் குடுத்துட்டு. புள்ள அழுது அழுது அவன் சட்டையெல்லாம் மூக்குச்சளி. அவனும் கூடச் சேந்து அழுதுட்டான். அவங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. அன்னியிலருந்து என்ற புள்ளைக்கு அவன்தான் மாமன். ஞாயித்துக்கிழமையானா அவன் வீட்டுலதான் கெடப்பா. சைக்கிள் பழக்கி விட்டதுகூட அவன்தான், நானில்ல.

இப்பக் கல்யாணம். மாமன்தான கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரணும்? ஒண்ணுவிட்ட வழியில யாரையாச்சும் நிறுத்திக்கலாம்னு சொன்னேன். புள்ள ஒத்துக்கல. "சிகாமணி மாமா வந்து கூப்புட்டாத்தான் நான் எந்திரிச்சு வருவேன்ப்பா. நீங்களே போய்ச் சொல்லுங்க"ன்னா. பத்து வருசமாப் பேச்சுவார்த்தை இல்லாதவன் வீட்டுக்கு நான் போகணுமாம். சம்சாரத்தக் கூப்புட்டேன். பத்திரிகை வெக்கறதுன்னா ரெண்டு பேருமாப் போறதுதான மொறை? அவ, "நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பேபியப் பாக்கறது, நீங்க போங்க"ன்னுட்டா. அவளுக்கு முட்டிவலிங்க. பஸ்ஸுல ஏறி எறங்க முடியாது.

என்ன சண்டைன்னு கேக்கறீங்களா. ஒரு பேருக்காக வந்த சண்டைங்க. சொன்னாச் சிரிப்பீங்க.

நாங்க வரையறது கம்ப்யூட்டர்ல, ஆட்டோகேட்ங்கற சாப்ட்வேர்ல. அதுக்குள்ள லிஸ்ப்புன்னு ஒரு பாஷை இருக்குது. திரும்பத் திரும்பப் பண்ற வேலைய ஒருக்கா லிஸ்ப்புல எழுதி ஒரு பேரு வெச்சுட்டா, அப்பறம் அந்தப் பேரத் தட்டுனாப் போதும், அதுவே செஞ்சுக்கும். எங்க ஆபீஸ்ல மொதல்ல லிஸ்ப்பு எழுதுனது நான்தானுங்க. அதை யாரு முன்னாடி வேணாலும் சொல்லுவேன். ஆனா அதுல ஒரு சங்கடம். வெக்கற பேரு அத்தனையும் ஒரே எடத்துலதான் கெடக்கும். நீங்க வெச்ச பேரையே நானும் வெச்சுட்டேன்னு வெச்சுக்கங்க. எது கடைசியா ஏறுதோ அதுதான் நிக்கும். முன்னாடி இருந்தது சத்தமில்லாமப் போயிரும். கம்ப்யூட்டர் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காது. முந்தி வந்த செவியப் பிந்தி வந்த கொம்பு மறைச்ச கதைதான்.

ஒருக்கா ரெண்டு பசங்க கதவு வரையறதுக்கு ஆளுக்கொரு லிஸ்ப்பு எழுதி, ரெண்டுக்கும் கதவுன்னே பேரு வெச்சுட்டாங்க. ஒருத்தன் வீட்டு வாசலுக்குக் கதவுன்னு தட்டுனா, இன்னொருத்தனோட பாத்ரூம் கதவு வந்து நிக்குது. ஆபீஸே சிரிச்சுது. சிகாமணி மட்டும் சிரிக்கல. "இன்னிக்குக் கதவு, நாளைக்குத் தூணா இருந்தா என்னடா பண்ணுவே"ன்னான். அவன் எதையும் எளக்காரமா எடுத்துக்க மாட்டான். அது ஒரு கெரகம் அவன்கிட்ட.

எங்கியோ படிச்சுட்டு வந்து எனக்குச் சொல்றான். "பெரிய லிஸ்ப்புலயெல்லாம் பேக்கேஜ்னு ஒண்ணு இருக்குதுடா நாச்சி. ஆளாளுக்குத் தனி வீடு மாதிரி. என் வீட்டுல ஒரு முத்துசாமி, உன் வீட்டுல ஒரு முத்துசாமி, ரெண்டு பேரும் பாட்டுக்கு இருந்துக்கலாம், யாரும் யாரையும் தொரத்த வேண்டாம். ஊருக்கு வேணுங்கறத மட்டும் வாசல்ல வெச்சாப் போதும், மத்ததெல்லாம் உள்ளாற. நம்முளுதுல அந்த வசதி இல்ல. அதனால பேருக்கு முன்னாடி அவனவன் இனிஷியலப் போட்டுக்குவோம்." பள்ளிக்கூடத்துல ஒரே கிளாஸ்ல ரெண்டு முத்துசாமி இருந்தா, கே. முத்துசாமி, ஆர். முத்துசாமின்னு கூப்புடுவாங்கல்ல, அதே கணக்குத்தான்.

அவன் எழுதுனதுக்கெல்லாம் முன்னாடி டி.எஸ்.னு போட்டான். எல்லாரும் அவங்கவுங்களுதப் போட்டாங்க. நான் போடல. ஏன் போடணும்? நான் வெச்ச பேருதான மொதப் பேரு? வீட்டுக்குப் பெரியவனை இனிஷியலோடவா கூப்புடறாங்க? "கூட்டுக் குடித்தனத்துல எதுக்குடா தனி அடுப்பு"ன்னு கேட்டேன். அவன் சிரிச்சுட்டு, "சரிடா, உன்னுத மட்டும் அப்படியே விட்டுடறேன்"னான்.

ரவுண்டுன்னு ஒண்ணு எழுதியிருந்தேன் நான். கம்பி நீளம் கணக்குல வர்றப்ப மில்லிமீட்டர்ல புள்ளி வெச்சு முள்ளுமுள்ளா வரும். வெட்டறவனுக்குத் தோதா அதைக் கொஞ்சம் மேல ஏத்தி முழுசாக்கிக் குடுக்கும் ரவுண்டு. கம்பி துளி நீண்டாத் தப்பில்ல, கொறையக் கூடாது. சிகாமணி பட்டியல் போடறதுக்கு ஒரு லிஸ்ப்பு எழுதுனான். டி.எஸ். பட்டியல்னு பேரு. அருமையான வேலைங்க, பொய் சொல்லக் கூடாது. ஒரு நாள் பூரா பண்றத ஒரு டீ குடிக்கற நேரத்துல போட்டுக் குடுக்கும். அதுக்குள்ள அவன் என்ற ரவுண்டையே கூப்புட்டிருந்தான். "நீயே ஒண்ணு எழுதிக்கறதுதான, இனிஷியலப் போட்டு"ன்னு கிண்டல் பண்ணுனேன். "உன்னுது இருக்கறப்ப எனக்கெதுக்குடா இன்னொண்ணு"ன்னான். அவன் எழுதுனது அத்தனையிலயும் இனிஷியல் இல்லாத பேரு அது ஒண்ணுதான்.

அங்கதானுங்க அவன் தப்புப் பண்ணுனது. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுனவன், தனக்குன்னு வர்றப்ப விட்டுட்டான்.

அப்பறம் ஒரு வேலை வந்துச்சு. ஒரு பார்ட்டிக்குச் செவுத்து அளவு எடுத்துக் குடுக்கணும். மில்லிக்கணக்கெல்லாம் எங்களுக்கு வேண்டாம், பத்துப் பத்து சென்டியா நிறுத்திக்கங்க, அதுக்குக் கீழ வர்றதத் தள்ளிருங்கன்னு சொல்லிட்டாங்க. நான் அதுக்குன்னு புதுசா ஒண்ணு எழுதுனேன். என்ன பேரு வெக்கறது? ரவுண்டுன்னே வெச்சேன். என்ற பேருதான? பழைய ரவுண்டு வேற ஃபைல்ல இருந்துச்சு, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்னு விட்டேன். காலையில மிஷினைப் போட்டதும் எல்லாருக்கும் தானா ஏறுற லிஸ்ப்பு ஒரு கும்பல் இருக்கும். அதுல கடைசியா இதையும் சேத்து விட்டேன். நாலு பேருக்கு உதவட்டும்னுதானுங்க.

சிகாமணி அப்ப ஒரு அப்பார்ட்மென்டுக்குப் பட்டியல் போட்டுட்டிருந்தான். எப்பவும்போலத் தட்டுனான். அதுவும் எப்பவும்போலப் போட்டுக் குடுத்துச்சு. ஆனா மேல ஏத்த வேண்டியதக் கீழ எறக்கிருச்சு. ஒரு கம்பியில ஒரு வெரக்கடை, ஒரு கம்பியில நாலு வெரக்கடைன்னு அத்தனையும் குட்டை. பட்டியலப் பாத்து அங்க சைட்டுல லாரி லாரியா வெட்டி வளைச்சு வெச்சுட்டாங்க. கட்டறப்பத்தான் தெரியுது, ஒண்ணுமேல ஒண்ணு ஏற வேண்டிய எடத்துல கம்பி எட்டல. வெட்டுன கம்பிய ஒட்ட வெக்க முடியுங்களா?

கான்ட்ராக்டர் வந்து ஆபீஸ் வாசல்லயே நின்னு பேசக் கூடாததெல்லாம் பேசுனார். எங்க மொதலாளி வெங்கடபதி சாரு சாதுவான மனுசன். அவரே அன்னிக்குக் கொரல ஒசத்திட்டார். என்னையும் சிகாமணியையும் ரூமுக்குள்ள கூப்புட்டார். சிகாமணி அதுக்குள்ள மிஷின் முன்னாடி உக்காந்து ஒண்ணொண்ணாப் பாத்து முடிச்சுட்டான் போல. "சார், என்ற லிஸ்ப்புல ஒரு எழுத்துகூட மாறல. அது வெளிய கூப்புடற எடத்துல என்னமோ மாறியிருக்குது"ன்னான். சொல்லிட்டு என்னையப் பாத்தான். மொதலாளியும் என்னையப் பாத்தார். "நாச்சிமுத்து, நீங்கதான் மூத்தவரு. சொல்லுங்க, இது யாரோடது?"

நான் உள்ளதைத்தானுங்க சொன்னேன். "பட்டியல் போடறது சிகாமணியோடது சார். பேருலயே டி.எஸ்.னு இருக்குது பாருங்க"ன்னேன். அது பொய்யுங்களா? நீங்களே சொல்லுங்க. அதுல ஒரு எழுத்து பொய்யிருக்குதா?

அவன் அப்பறம் ஒண்ணுமே பேசல. அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆத்தாமை. "சார், அது கூப்புடற ரவுண்டு இவனோடது"ன்னு அவன் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்லீங்களா? யாரு அவன் வாயப் பொத்துனா? தரையப் பாத்துட்டு நின்னான். நான் சொல்லுவேன்னு நின்னானாட்டம் இருக்குது. சாயங்காலம் டிபன் டப்பாவ எடுத்துட்டுப் போனவன்தான். கெளம்பறப்ப என்ற தோளுல ஒரு தட்டுத் தட்டிட்டுப் போறது அவனுக்குப் பழக்கம். அன்னிக்குத் தட்டல.

வீட்டுக்குப் போய் சம்சாரத்துக்கிட்டச் சொன்னேன். அவ ஒரே கேள்விதான் கேட்டா. "உங்களுதுன்னு நீங்க சொன்னீங்களா?" சோத்தப் போடுன்னேன். போட்டா. அதுக்கப்பறம் அதைப் பத்தி வாயத் தொறக்கல அவ. புரிஞ்சவ.

என்னங்க? அப்ப அந்த ரவுண்டு உங்களுதுதானேன்னு கேக்கறீங்களா. என்னுதுதான். யாரு இல்லைன்னா? என்ற பேரு, நான் எப்படி வேணாலும் மாத்திக்குவேன். அடுத்தவன் பேர நம்பி அவன எவன் பட்டியல் போடச் சொன்னது? உங்களுக்கு மோட்டார் வேலைன்னீங்க. இது வேற மாதிரிங்க, பழகுனவனுக்குத்தான் பிடிபடும்.

அவன் போன மறுநாள் நான் என்ன பண்ணுனேன் தெரியுங்களா? என்ற லிஸ்ப்பு அத்தனைக்கும் முன்னாடி என்.எம்.னு இனிஷியலப் போட்டுட்டேன். ரவுண்டு ரெண்டுக்கும் சேத்துத்தான். பழசு ஒரு பேரு, புதுசு ஒரு பேருன்னு பிரிச்சு அழகா வெச்சுட்டேன். அத்தனை நாளாச் சொல்லிட்டிருந்தானே, அவன் பேச்சுக்கு ஒரு மரியாதை குடுக்க வேண்டாங்களா. அப்பறம் மொதலாளி வெளியிலருந்து ஒரு ஆளக் கூட்டிட்டு வந்து எல்லாத்தையும் சோதிச்சுப் பாக்கச் சொன்னார். வந்தவர் பாத்துட்டு, "நாச்சிமுத்து சாரோடதெல்லாம் கண்ணாடியாட்டம் இருக்குது. இந்த டி.எஸ். பட்டியல்தான் ரவுண்டுன்னு என்னமோ ஒண்ணக் கூப்புடுது, அப்படி ஒண்ணு இங்க எங்கயுமே இல்லியே"ன்னார். அதோட முடிஞ்சுது. இல்லாததக் கூப்புட்டு எழுதுனவன்னு அவனுக்குப் பேராயிருச்சு.

கோயமுத்தூர்ல கம்பி வேலைக்கு அவனை ஒருத்தரும் சேத்துக்கல. காங்கேயம் பேபியோட ஊரு, அங்கயே போயிட்டான். சின்னச் சின்ன வீட்டுக்குப் பிளான் வரைஞ்சு குடுக்கறான். அந்தக் கைக்கு அந்த வேலையான்னு எனக்கு வெசனமா இருக்கும். நெசமாச் சொல்றேன் தம்பி, டீக்கடையில ரெண்டு டீன்னு சொல்லிட்டு அப்பறம் ஒண்ணுன்னு மாத்திச் சொல்லியிருக்கேன். பக்கத்து சீட்டுல யாராரோ வந்து உக்காந்தாங்க, போனாங்க. அவன மாதிரி ஒருத்தன் எனக்கு அமையல. அவன் ஒருக்கா வந்து பேசியிருக்கலாம். மூத்தவன் நான், நானா போய் நிக்கறது?

இருந்தாலும் புள்ளைக்காக இன்னிக்குப் போனேன். கதவத் தொறந்தான். தலையெல்லாம் வெளுத்துப் போச்சு. என்னையப் பாத்தான், பாத்துட்டு, "வாங்க"ன்னான். வாங்கங்கறான், தம்பி. என்னையப் போயி. வாடா போடா, கெரகம் புடிச்சவனே, இதுதான் அவன் வாயில எனக்கு வர்ற பேச்சு. "உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா"ன்னு கேக்கறான். ஒரு அறை விட்டிருந்தாக்கூட வாங்கிட்டு உக்காந்திருப்பேன்.

தாம்பாளத்துல வெத்தல பாக்கு, பழம், பத்திரிகையெல்லாம் வெச்சு நீட்டுனேன். ரெண்டு பேருமா நின்னு வாங்கிக்கிட்டாங்க. பேபி பத்திரிகையில புள்ளை பேரு இருக்கற எடத்தத் தடவித் தடவிப் பாத்துட்டு டீ வெக்க உள்ள போயிட்டா. "நீதான்டா மாமனா நிக்கோணும். புள்ள கண்டிசனாச் சொல்லிட்டா"ன்னேன். அவன் தாம்பாளத்தக் காலி பண்ணி எங்கிட்டத் திருப்பிக் குடுத்தான். அப்பறம் மெதுவா, "நாச்சி"ன்னான். அந்த ஒருக்காத்தான் என்ற பேரு அவன் வாயில வந்துச்சு.

"நான் வராம எங்கடா போவேன். எங்களுக்கு வேற யாரு இருக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அதச் செய்யி. அந்த ரவுண்டு என்னோடதுதான்டான்னு ஒரு வார்த்தை சொல்லிரு. மொதலாளிகிட்டச் சொல்ல வேண்டாம், ஊருக்குச் சொல்ல வேண்டாம். என்ற காதுக்குச் சொன்னாப் போதும். பத்து வருசமா நான்தான் தப்புப் பண்ணிட்டனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருதுடா."

இது கேக்கற நேரமா, சொல்லுங்க. நல்ல காரியத்துக்குக் கூப்புட வந்தவன்கிட்ட லிஸ்ப்புப் பேச்சு. பேபி டீ டம்ளரக் கையில குடுத்துட்டு அங்கயே நின்னுட்டா. அவளும் என்ற வாயப் பாக்கறா. "அதெல்லாம் இப்ப எதுக்குடா"ன்னுட்டு எந்திரிச்சுட்டேன். டீ வாயிலகூட வெக்கல. வாசல் வரைக்கும் வந்தான். "பாத்துப் போங்க"ன்னான்.

அந்த ஒரு வார்த்தையச் சொல்ல எனக்கென்னங்க கொறைச்சல்? இப்ப உங்ககிட்டச் சொன்னனே, என்னுதுதான்னு. பேரு ஊரு தெரியாத உங்ககிட்டச் சொல்ல வருது. அவனப் பாத்தா வாயில வரமாட்டேங்குது. ஏன்னு எனக்கே தெரியல. அங்க உக்காந்திருந்தப்ப அவனக் கட்டிப் புடிச்சுக்கோணும்போல இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு. ஆனா எந்திரிச்சு வந்துட்டேன்.

இருங்க, போன் அடிக்குது. புள்ளைதான்.

"சொல்லு கண்ணு. பஸ்ஸுலதான் இருக்கேன், இப்பத்தான் பல்லடம் தாண்டுது. பாத்தேன்மா. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க, பத்திரிகைய வாங்கிக்கிட்டாங்க. இல்ல கண்ணு, அவனுக்கு ஒடம்பு முன்ன மாதிரி இல்ல. கூட்டத்துல வந்து நிக்க முடியாதாம். வரமுடியலைன்னு சொல்லிட்டான். நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கல. என்னது? எப்பப் பண்ணுனான்? ம். ம். இல்லம்மா, அது வந்து, நான் என்ன சொல்றேன்னா. கோகிலா? கோகிலா?"

ஒண்ணுமில்லீங்க. அவன் புள்ளைக்குப் போன் பண்ணியிருக்கான். நான் அவங்க தெரு முக்கைத் தாண்டறதுக்குள்ளயே பண்ணிட்டான்போல. மொத நாளே வந்தர்றோம்னு சொல்லியிருக்கான். மாமன் சீருக்கு என்ன கலர்ல சேலை எடுக்கட்டும்னு கேட்டிருக்கான். பேபி பேசறப்ப அழுதுட்டாளாம். "அப்பா டீகூடக் குடிக்காமப் போயிட்டாரு, வந்ததும் சாப்பாடு போடு. ஒண்ணும் கேக்காதே கண்ணு"ன்னு சொன்னானாம்.

புள்ள கேட்டுட்டா. "வர்றேன்னு சொன்னவரை ஏம்ப்பா வரமாட்டாருன்னு சொல்றீங்க? அன்னிக்கு ஆபீஸ்லயும் இப்படித்தான் சொன்னீங்களா?"ன்னு கேட்டா. அவ அம்மாதான் எதையோ சொல்லி வெச்சிருக்கா. நான் பதில் சொல்றதுக்குள்ள கட் ஆயிருச்சு.

அவ கட் பண்ணலீங்க. காரணம்பேட்டைப் பக்கம் வந்தா டவர் கெடைக்காது, எப்பவும் அப்படித்தான். சூலூர் போனதும் நானே கூப்புட்டு வெவரமாப் பேசிக்கறேன். கல்யாணப் பொண்ணு, அவகிட்டப் பக்குவமாச் சொல்லோணும்.

உங்க போனுல டவர் இருக்குதுங்களா? சும்மா பாருங்க.

இருக்குதா. முழுசாவா.

சரி. என்னுது பழைய போனுங்க.